திருமணிக்கு வந்த நீரடிமுத்து

சிங்கப்பெருமாள் கோயிலில் பாடலாத்ரி நரசிம்மரின் குன்றை வலம்வரும் வழியில் ஓர் அழிஞ்சில் மரம் நிற்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்களும் பிள்ளை வரம் கேட்பவர்களும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். குடைவரைக்குள் மூன்று கண்ணோடு வீற்றிருக்கும் பெருமாளைச் சேவித்துவிட்டு இந்த மரத்தடிக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் வைத்தியப் பழமை தெரியும் என்பது சந்தேகம்தான். சென்னை திருவல்லிக்கேணி மருந்தகத்தில் மருத்துவராக இருந்த மொய்தீன் ஷெரீப், இந்திய மருந்தியல் நூலுக்கு ஒரு துணைநூலை 1869இல் வெளியிட்டார். நாட்டு மருந்துகளைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்து, பலனைப் பார்த்து எழுதிவைத்த மனிதர் அவர். அழிஞ்சில் வேர்ப்பட்டை தோல் நோய்களுக்கும் தொழுநோய்க்கும் உதவும் என்ற குறிப்பு அவருடையது.

அழிஞ்சிலின் மருத்துவப் பயணம் ஏறக்குறைய அந்தக் குறிப்போடு நின்றுபோனது. அதே நோய்க்குப் பேர்போன இன்னொரு மரமோ உலகத்தையே சுற்றியது. லண்டன் ஆய்வுக்கூடத்துக்கும் ஹவாய்த் தீவுக்கும் போனது. கல்கத்தா வழியாக, கடைசியில் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ரயிலில் இரண்டே நிறுத்தம் தள்ளி இருக்கும் செங்கல்பட்டுக்கும், அதை ஒட்டிய திருமணிக்கும் வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டு அதுதான் தொழுநோய்க்கு ஒரே மருந்து. பிறகு திருமணியிலேயே அதை ஓரமாக எடுத்துவைத்தார்கள். நீரடிமுத்துவின் கதை இது.

மரம் இந்தப் பக்கத்து மரம் அல்ல. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில், ஓடைக்கரைகளில் வளர்வது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரோட்டி என்பார்கள். பழம் விளாம்பழம் அளவுக்கு உருண்டையாக, கெட்டி ஓட்டோடு இருக்கும். கேரளத்தில் அந்த ஓட்டை இரண்டாகப் பிளந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்காக ஏற்றும் வழக்கம் உண்டு. 2019இல் தமிழ்நாடு அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் முட்டையிடுவது இந்த மரத்தின் இலையில்தான். அதன் புழு தின்று வளர்வதும் இந்த இலையைத்தான். மரத்தின் பேரே தெரியாமல் பட்டாம்பூச்சியைக் கொண்டாடுகிறோம்.

விதையைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்காரர் பின்பக்கத்து டப்பாக்களைத் துழாவி ஒரு கைப்பிடி எடுத்துவந்து காகிதத்தில் கொட்டினார்.

"இத இப்ப யாருங்க கேக்கறாங்க? தேமலு, சொறி சிரங்குன்னு எப்பவாச்சும் ஒருத்தர் வருவாங்க. பத்துன்னு போடத்தான். உள்ளுக்குச் சாப்பிடறதுன்னா வைத்தியரக் கேட்டுக்குங்க."

பழுப்பு நிறக் கொட்டைகள். எதுவும் சீரான உருண்டையாக இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டையாக, இன்னொரு பக்கம் கோணலாக இருக்கிறது. ஒரே பழத்துக்குள் பதினைந்து இருபது விதைகள் சதையோடு சதையாக நெருக்கியடித்துக் கிடப்பதால் வந்த கோணல். ஓட்டை உடைத்தால் உள்ளே பிசுபிசுப்பான பருப்பு. விதை புதிதென்றால் வெண்மை, நாள்பட்டால் கரும்பழுப்பு. பருப்பை விரலால் பிளந்தால் நடுவே மிக மெல்லிய இரண்டு விதையிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. நசுக்கினால் காறிப்போன நெய்யின் வாடை. பருப்பின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் கிடைக்கும். இளமஞ்சள் நிறம். கொஞ்சம் குளிர் பட்டாலே உறைந்து கெட்டியாகிவிடும்.

இந்த எண்ணெயைச் சித்த வைத்தியர்கள் குட்டத்துக்குப் பூசினார்கள், உள்ளுக்கும் கொடுத்தார்கள். ஆயுர்வேதத்தில் சுசுருதர் காலத்திலிருந்தே இந்த இன மரத்துக்குத் துவரகம் என்ற பெயரில் இடமுண்டு. வடகிழக்கு இந்தியா, பர்மா, சயாம், சீனா என்று இதன் சகோதர மரங்கள் வளரும் இடங்களிலெல்லாம் மக்கள் இதே நோய்க்கு இதே விதையைத்தான் தேடியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் குடிப்பது பெரும்பாடு. குமட்டலும் வாந்தியும் வயிற்றெரிச்சலும் வரும். நோய் தீர வேண்டுமானால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தாதவர்கள் அபூர்வம். மருந்து சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு அநேகமாக யாருமே அதைச் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பதுதான் நிலைமை.

ஆங்கில மருத்துவத்துக்குள் இது நுழைந்தது 1854இல். கல்கத்தாவில் இருந்த பிரடெரிக் ஜான் மௌவாட் என்ற மருத்துவர் நீரடிமுத்துவின் சகோதர விதையான வங்காளத்துச் சால்மூக்ராவைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதினார். அங்கிருந்து விதை லண்டனுக்குக் கப்பலேறியது. அதோடு ஒரு பெருங்குழப்பமும் கப்பலேறியது. எண்ணெய் எந்த மரத்திலிருந்து வருகிறது என்பதை அரை நூற்றாண்டு தவறாகவே எழுதிவந்தார்கள். ஐரோப்பிய நூல்கள் சொன்ன மரம் ஒன்று. கடைத்தெருவில் விற்ற விதை வேறொரு மரத்துடையது. விதை பொறுக்கி விற்றவர்களுக்கு மரம் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1901இல்தான் டேவிட் பிரெய்ன் என்ற தாவரவியலாளர் இந்தப் பிழையைத் தெளிவாகத் திருத்தினார். உண்மையான சால்மூக்ரா பர்மா, அசாம் பக்கத்துக் காட்டு மரம் என்று நிலைபெற்றது.

அடுத்த சில ஆண்டுகளில் லண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் பிரடெரிக் பவரும் அவர் கூட்டாளிகளும் எண்ணெயைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் இருந்த கொழுப்பு அமிலங்கள் அதுவரை வேறெந்த எண்ணெயிலும் காணாதவை. சாதாரணக் கொழுப்பு அமிலம் நீண்ட சங்கிலியாக இருக்கும். இதில் சங்கிலியின் முனையில் ஐந்து கார்பன் அணுக்களால் ஆன ஒரு வளையம் தொங்கியது. சால்மூக்ரிக் அமிலம், ஹிட்னோகார்பிக் அமிலம் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 1905இல் நம் மேற்குமலை நீரடிமுத்துவையும் ஆராய்ந்தார்கள். அதே அமிலங்கள், அதே வளையம். பர்மாக் காட்டுக்குள் போய்த் தேட வேண்டிய மருந்து தென்னிந்தியாவிலேயே மலிவாகக் கிடைக்கும் என்பது அப்போது உறுதியாயிற்று. நீரடிமுத்து உலகச் சந்தைக்கு வந்தது இதனால்தான்.

குடிக்க முடியாத எண்ணெயை ஊசியாகப் போடலாமா என்று பல நாடுகளில் முயன்றார்கள். பிலிப்பைன்ஸில் விக்டர் ஹைசர் கற்பூரமும் ரிசார்சினும் கலந்து போட்டுப் பார்த்தார். எண்ணெய் உடம்பில் பரவாமல் போட்ட இடத்திலேயே தங்கிக் கட்டியானது. சில நேரம் சீழ் பிடித்தது. அந்த முடிச்சை அவிழ்த்தவர் 23 வயதுப் பெண் ஒருவர். ஆலிஸ் பால். சியாட்டிலில் பிறந்த கறுப்பினப் பெண். ஹவாய்க் கல்லூரியில் 1915இல் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஹவாயில் அன்று தொழுநோய் கண்டவர்களைப் பிடித்து மொலோக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. கலிஹி மருத்துவமனையின் டாக்டர் ஹாரி ஹால்மன் கேட்டுக்கொண்டதால், பகலில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு மிச்ச நேரத்தில் ஆலிஸ் இந்த எண்ணெயோடு மல்லுக்கட்டினார். கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றினார். நீர்த்த, உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஊசி மருந்து கிடைத்தது.

அதன் பலனைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1916 டிசம்பர் 31 அன்று, 24 வயதில் இறந்துபோனார். கல்லூரியின் ஆர்தர் டீன் அதே முறையை மேற்கொண்டு நடத்தி, ஆலிஸின் பெயரைச் சொல்லாமலே கட்டுரைகள் வெளியிட்டார். 1920இல் கலிஹியிலிருந்து 78 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டதாகச் செய்தி வந்தபோது உலகம் டீனைத்தான் பாராட்டியது. 1922இல் ஹால்மன் மட்டும் இது ஆலிஸ் பாலின் முறை என்று அச்சில் எழுதினார். ஹவாய்ப் பல்கலைக்கழக வளாகத்துச் சால்மூக்ரா மரத்தடியில் அவர் பெயரில் ஒரு தகடு வைக்க 2000 வரை ஆனது. கண்டுபிடித்தவரின் பெயரைக் கொண்டுவந்து சேர்க்க 80 ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

ஊசி வேலை செய்கிறது என்ற பேச்சு பரவியதும் விதைக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்க வேளாண் துறை ஜோசப் ராக் என்ற தாவரவியலாளரை 1920இல் ஆசியாவுக்கு அனுப்பியது. சயாம், பர்மா, அசாம் என்று அலைந்து மரத்தைக் கண்டுபிடித்து, விதைகளை ஹவாய்க்குக் கொண்டுபோனார். நேஷனல் ஜியாகிரபிக் இதழில் 1922 மார்ச்சில் வந்த அவரது கட்டுரை அந்தக் காலத்தில் பலரையும் வாசிக்க வைத்த ஒன்று.

இந்தியாவில் இந்த வேலை கல்கத்தாவில் நடந்தது. லியோனார்டு ராஜர்ஸ் எண்ணெயின் சோடிய உப்புகளை ஊசியாகப் போட்டுத் தொடங்கிவைத்தார். அவருக்குப் பின் எர்னஸ்ட் மியூர், எஸ்டர் செய்யும் செலவு ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்று பார்த்து, நீரடிமுத்து எண்ணெயோடு கொஞ்சம் கிரியோசோட் சேர்த்தாலே போதும் என்று காட்டினார். ஒரு நிபந்தனைதான்: விதை புதிதாக இருக்க வேண்டும், சூடு காட்டாமல் ஆட்டிய எண்ணெயாக இருக்க வேண்டும். பழைய விதையில் அமிலம் கூடிவிடும். ஊசி போட்ட இடம் வெந்துபோகும். நல்ல சரக்கு எது என்ற இந்தக் கணக்கு நம் வைத்தியர்கள் காலங்காலமாகப் பார்த்ததுதான். மியூர் அதற்கு அளவு போட்டு எழுதினார்.

திருமணிக்கு வருவோம். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் வில்லிங்டன் பிரபு. அவர் மனைவியின் பெயரில் 1924இல் திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை உருவானது. அதற்கு முந்தைய நிலையை மறக்கக் கூடாது. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டப்படி, ஆதரவற்ற தொழுநோயாளியைக் காவலர் பிடித்துக்கொண்டுபோய்க் காப்பகத்தில் அடைக்கலாம். வாரண்ட்கூட வேண்டாம். அதனால் நோய் கண்டவர்கள் ஒளிந்தார்கள். முகத்தில் தடிப்பு தெரியும் வரைக்கும், விரல் மடங்கும் வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டாரும் மறைத்தார்கள். ஒளித்துவைத்த நோய் வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்குத் தொற்றியது.

எண்ணெய் ஊசி வந்ததும் நிலைமை மாறியது. மருந்து இருக்கிறது என்றதும் ஆட்கள் தாமாகவே வந்தார்கள். ஆரம்பத்திலேயே வந்தால் பலன் கூடுதல் என்று மருத்துவர்கள் சொன்னதும் சின்னத் தேமலோடேயே வந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை வந்து ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற வெளிநோயாளி மருத்துவம் ஊர் ஊராகத் தொடங்கியது. நீரடிமுத்துவின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான். எண்ணெய் கிருமியை எவ்வளவு கொன்றது என்பது தனிக் கணக்கு. அடைத்துவைப்பதற்காக இருந்த கட்டடத்துக்குள் நோயாளி தன் காலால் நடந்து வந்து, நடந்தே வெளியே போகும் வழியை அது திறந்தது.

ஊசி போடுவதை நினைத்துப் பாருங்கள். முதுகிலோ தொடையிலோ உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய தேமல். அதன் நடுவில் குத்தினால் உணர்ச்சி இல்லை. ஓரத்தில் சுருக்கென்று வலிக்கும். எண்ணெய் தடிமனானது என்பதால் சூடுகாட்டி இளக்கிக்கொள்வார்கள். ஊசி முனையைத் தோலுக்குள் கிடையாக நுழைத்துத் துளி எண்ணெயைச் செலுத்துவார்கள். சிறிய புடைப்பு எழும். பக்கத்திலேயே அடுத்த குத்து, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தேமல் முழுவதும் புள்ளிக்கோலம் போட்டதாக வரிசையாய்ப் புடைப்புகள். அடுத்த வாரம் வேறொரு தேமல். இப்படி ஓராண்டு, இரண்டாண்டு, சிலருக்கு ஐந்தாண்டு. போடுகிறவர் நோயாளியைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். தொடவே கூடாது என்று ஊர் ஒதுக்கிய உடம்பை ஒரு செவிலியர் அரைமணி நேரம் கைவைத்துப் பார்த்தார் என்பதே அன்றைக்குப் பெரிய காரியம்.

1935இல் திருமணிப் பொறுப்புக்கு வந்தவர் ராபர்ட் காக்ரேன். சீனாவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தந்தையும் அங்கே மருத்துவ ஊழியத்தில் இருந்தவர். குழந்தைகளிடம் இந்நோய் எப்படித் தொடங்குகிறது என்று கண்டறியச் சைதாப்பேட்டையில் வெள்ளிவிழாக் குழந்தைகள் மருத்துவமனையும் அந்தக் காலத்தில் ஏற்பட்டது. காக்ரேனின் பெருமை, அவர் எண்ணெயில் மயங்காதது. எந்த வகை நோய்க்குப் பலன் தெரிகிறது, எதற்குத் தெரியவில்லை, எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்று ஆள் ஆளாகக் குறித்துக்கொண்டே வந்தார்கள். தொழுநோயின் லேசான வகை சிலருக்கு மருந்தே இல்லாமலும் தானாக ஆறிவிடும். அவர்களையும் எண்ணெய்தான் குணப்படுத்தியது என்று கணக்கில் சேர்த்தால் கணக்கு பொய்யாகும். கிருமி நிறைந்த கடுமையான வகைக்கு எண்ணெய் ஊசி அநேகமாகத் தோற்றது. இவை இரண்டும் திருமணியைப் போன்ற இடங்களில் பொறுமையாகப் பார்த்ததால் தெரியவந்த உண்மைகள்.

அழிஞ்சிலுக்கும் நீரடிமுத்துவுக்கும் வித்தியாசம் இங்கேதான். அழிஞ்சிலுக்கு மொய்தீன் ஷெரீப் ஒருவர் இருந்தார். அவருக்குப் பின்னால் அதை ஆயிரம் நோயாளிகளிடம் வைத்துப் பார்த்து எண்ணி எழுத யாரும் வரவில்லை. அதில் என்ன இருக்கிறது, இல்லை என்பது இன்றைக்கும் முடிவாகாத வழக்கு. நீரடிமுத்துவுக்கு எழுத ஆள் கிடைத்தது. அதனால் அதன் பலமும் தெரிந்தது, எல்லையும் தெரிந்தது.

அடுத்த மருந்து வந்ததும் திருமணிக்குத்தான். டாப்சோன் என்ற பொருளை 1908இலேயே ஜெர்மனியில் செய்துவிட்டார்கள். அது எதற்கு ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் கை பேகே என்ற மருத்துவர், டாப்சோனின் உறவு மருந்தான புரோமினை (Promin) தொழுநோயாளிகளுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தார். புண்கள் ஆறின. ஆனால் விலை அதிகம், நாள்தோறும் ஊசி. மாடுகளின் மடிவீக்கத்துக்கு டாப்சோனையே நேராக எண்ணெயில் கலந்து போடுகிறார்கள் என்று அறிந்த காக்ரேன், மனிதருக்கும் அப்படிக் கொடுக்கலாம் என்று 1940களின் இரண்டாம் பாதியில் செங்கல்பட்டில் தொடங்கினார். அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத கடுமையான வகை நோய் அசைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நைஜீரியாவில் ஜான் லோ அதை மாத்திரையாகவே கொடுக்கலாம் என்று காட்டினார். ஊசி வரிசை முடிந்தது. தம்பிடிக் காசுக்கு மாத்திரை கிடைத்தபோது மேற்குமலை விதைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? 1950களில் நீரடிமுத்து மருத்துவமனை அலமாரியிலிருந்து இறங்கியது. 1955இல் திருமணி நிறுவனத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த இடைப்பட்ட காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1947இல் வேலூர் சி.எம்.சி.யில் புதிதாகச் சேர்ந்திருந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, காக்ரேனைப் பார்க்கத் திருமணிக்கு வந்தார். மடங்கிய விரல்களோடு இருந்த ஓர் இளைஞரிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். சூம்பிப்போன கை என்று நினைத்தவருக்கு வலி பொறுக்கவில்லை, அத்தனை பலம். கை செத்துப்போகவில்லை, சில தசைகள்தான் முடங்கியிருக்கின்றன, நல்ல தசைநாணை இடம் மாற்றினால் விரல் நிமிரும் என்று அவருக்கு உறைத்தது அங்கேதான். வேலூரில் அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள் உலகம் முழுக்கப் பரவின. அந்த இளைஞர் எந்த மருந்தை நம்பி வந்தாரோ தெரியாது. ஆனால் நோயாளிகள் தாமாக வந்து தங்கும் ஒரு மருத்துவமனை அங்கே இருந்ததற்குக் கால் நூற்றாண்டு எண்ணெய் ஊசியும் ஒரு காரணம் என்று சொல்வேன்.

டாப்சோனுக்கும் அதன் காலம் முடிந்தது. தனியாகக் கொடுத்ததால் கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது: டாப்சோன், ரிபாம்பிசின், குளோபசிமின். இந்த மூன்றில் ரிபாம்பிசின், பிரான்சின் தென்கடற்கரை மண்ணிலிருந்து 1957இல் எடுத்த நுண்ணுயிரின் வழியில் வந்தது. குளோபசிமின் கதை இன்னும் சுவையானது. அயர்லாந்தின் வின்சென்ட் பாரி காசநோய்க்கு மருந்து தேடத் தொடங்கியது பாறையில் படரும் ஒரு கற்பாசியில். நாம் குருமாவுக்குப் போடும் கல்பாசியும் அந்த உயிரின வகைதான். அதில் கண்ட பொருளைப் பின்தொடர்ந்து, மாற்றி மாற்றிச் செய்து, 1954இல் அவர் குழு வந்தடைந்தது குளோபசிமின். காசநோயை விட்டுவிட்டுத் தொழுநோய்க்குப் பயன்பட்டது. தோலைச் செங்கருமையாக்கிவிடும் என்பது மட்டும் நோயாளிகளின் மனக்குறை. ஆக, இன்றைய மாத்திரை அட்டையிலும் செடி கொடி பாசி வாசனை முழுக்க அற்றுப்போய்விடவில்லை.

நீரடிமுத்து வெறும் நம்பிக்கையா என்ற கேள்விக்கு 1970களில் ஒரு விடை கிடைத்தது. தொழுநோய்க் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க முடியாது. எலியின் பாதத்தில் வளர்க்கும் வழி 1960இல்தான் தெரிந்தது. அந்த முறையில் லூயிஸ் லெவி என்ற ஆய்வாளர் 1975இல் சால்மூக்ரா அமிலங்களைச் சோதித்தார். கிருமி பெருகுவதை அவை தடுத்தன. வளையம் தொங்கும் அந்த வினோத அமிலங்களுக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. டாப்சோன் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும் என்பவர்களும், நாட்டு மருந்தெல்லாம் சும்மா என்பவர்களும் இந்த ஒரு விதையின் வரலாற்றைப் படித்தால் இரண்டு தரப்பும் கொஞ்சம் நிதானிக்கும்.

செங்கல்பட்டு வட்டாரத்துக்கு எண்ணிப் பார்க்கும் பழக்கம் அதன் பிறகும் போகவில்லை. 1968இல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் பெரும் சோதனை இந்த மாவட்டத்துக் கிராமங்களில்தான் தொடங்கியது. 1990களில் தொழுநோய்க்கான தடுப்பூசிகளை ஒப்பிட்டுச் சுமார் 1.7 லட்சம் பேரிடம் நடந்த சோதனையும் இங்கேதான். கையை நீட்டிய அந்த மக்களுக்கு மருத்துவ உலகம் பட்ட கடன் பெரிது.

சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து இன்னும் இருக்கிறது. நீரடிமுத்து வல்லாதி மெழுகு என்ற மருந்தைச் சித்த மருத்துவர்கள் வேறு நோய்களுக்கு இன்றும் எழுதுகிறார்கள். அதே ரயில் பாதையில் வடக்கே போனால் தாம்பரம் சானடோரியத்தில், 2005இல் திறக்கப்பட்ட தேசியச் சித்த மருத்துவ நிறுவனம். அங்கே தினமும் காலையில் நிற்கும் நோயாளிகளின் வரிசையைப் பார்த்தவர்கள், மக்களுக்கு இந்த மருத்துவத்தின் மேல் உள்ள பற்றைச் சந்தேகிக்க மாட்டார்கள். அந்தப் பற்றுக்கு ஈடாக நாம் கொடுக்க வேண்டியது திருமணியில் நடந்த மாதிரியான பதிவேடு: யார் வந்தார், என்ன கொடுத்தோம், எத்தனை மாதம், ஆறியதா, திரும்பியதா. தோற்றதையும் சேர்த்து எழுத வேண்டும். நிலவேம்பானாலும் சரி, வல்லாதி மெழுகானாலும் சரி.

தொழுநோய் போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை 2005 இறுதியில் இந்தியா எட்டியது உண்மை. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள் இந்தியாவில் கண்டறியப்படுகிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்கு மேல். உணர்ச்சியில்லாத தேமல் எங்கே தெரிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். மருந்து இலவசம். வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும்.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அடுத்த நிறுத்தமான பரனூரில், குணமானவர்களுக்கான அரசு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது. மருந்து வேலை செய்து முடித்த பிறகும் வீடு திரும்ப வழியில்லாமல் போனவர்களுக்கான இடம் அது. சட்டமும் அவர்களை லேசில் விடவில்லை. காவலர் பிடித்துச்செல்ல வழிவைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டு மருந்து வந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2016இல்தான் நீக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு நம் திருமணச் சட்டங்களில் 2019 வரை இருந்தது.